லாரி தங்கையாவின் கண்ணில் இறங்கிய மூடுபனி

ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் ஒருமுறையாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்குத்தான் தங்கையாவின் அருமை தெரியும். அந்தச் சாலையைப் போட்ட மகராசன் நேர்கோடு என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதே இல்லை போலும். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிற பள்ளம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெள்ளைப்பாறைத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை அந்தச் சாலையில் ஏற்றி இறக்கியவர் தங்கையா. லாரி தங்கையா என்றால்தான் ஆளுக்குத் தெரியும். வெறும் தங்கையா என்று கேட்டால் எந்தத் தங்கையா என்பார்கள்.

வளைவுகூடப் பெரிதில்லை. மூடுபனிதான் பெரிது. மலேசியாவின் கேமரன் மலையில் அதற்கு நேரம் காலம் கிடையாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்; மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்வதற்குள் எதிரில் இருந்த மரத்தைக் காணோம். அப்போது தங்கையா லாரியை நிறுத்த மாட்டார். விளக்கைத் தாழ்த்துவார், இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்குவார், வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயை மூடிக்கொள்வார். லாரியின் கெலிண்டான் காளிமுத்து, அதாவது கூடவே போகும் கையாள், கதவுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, "உள்ள வாங்கண்ணே... இன்னும் உள்ள... பள்ளம், பள்ளம்!" என்று சொல்லிக்கொண்டே வருவான். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு லாரி இறங்கும்.

எழுபத்தி நாலில் அப்படி ஒரு பனியில்தான் காளிமுத்துவின் மனைவியை, பிள்ளை தலை திரும்பாமல் துடித்துக்கொண்டிருந்தவளை, தேயிலைப் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு லாரியிலேயே கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு தங்கையாவைப் பற்றி யாராவது அரை வார்த்தை குறைத்துப் பேசினால் காளிமுத்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

இவ்வளவு பெயர் எடுத்த மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததென்றால் அதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, அந்த மலையிலேயே தவழ்ந்து, அந்த மலையிலேயே தாடி முளைத்தவர். கீழ்நாட்டுக்காரர்கள் மேலே வந்து ஸ்வெட்டருக்குள் நடுங்குவதைப் பார்த்தால் அவருக்கு ஒரே சிரிப்பு. "நம்ம ஒடம்பு மலையில ஊறுன ஒடம்புலா. மலை நம்மள ஒண்ணும் செய்யாது" என்பார். இதை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயது தாண்டியதிலிருந்து கிட்டத்தில் இருப்பது எதுவும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. எட்டத்தில் பருந்து பறந்தால் அதன் வால் தெரியும். கையிலிருக்கும் காகிதத்தில் எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டமாகக் கலைந்துவிடும். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி சீட்டை நீட்டினால், "கையெல்லாம் எண்ணெய், நீங்களே படிங்க" என்று தப்பித்துவிடுவார். மீன் சாப்பிடும்போது முள்ளை விரலால் தடவித்தான் எடுப்பார். வயதானால் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினால் தீர்ந்தது. ஆனால் தோட்டத்தில் ஒரு பேச்சு உலவியது: கண்ணாடி போட்ட டிரைவரைத் தோட்ட மேனேஜர் துரை லாரியிலிருந்து இறக்கித் தேயிலைக் காட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார் என்று. எந்தத் துரை, எப்போது, யாரை அனுப்பினார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தங்கையா அந்தப் பேச்சை வேதமாக நம்பினார். லாரி போய்விட்டால் அப்புறம் அவர் வெறும் தங்கையாதானே?

அவர் மனைவி பாஞ்சாலைக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். அவள் பதினாலு வயதிலிருந்து கொழுந்து கிள்ளுகிறவள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் ஒரே வார்த்தையில் ஆளை உட்கார வைத்துவிடுவாள். கணவர் சட்டைப் பொத்தானை மாற்றித் துளையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, ஒன்றும் சொல்லாமல் வந்து அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிடுவாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியாட்கள் இருக்குமிடத்தில் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள் அவளுக்குக் கூச்சம். மகள் கல்யாணத்தில் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தும் அந்தக் கறுப்பு போகவில்லை. தங்கையா அதைக் கவனித்ததில்லை. கவனிக்க அவருக்குக் கண் ஏது?

தானா ராத்தா டவுன் கடை ஒன்றில் தொங்கிய காலண்டர்தான் அவரை நேப்பாளத்துக்குக் கொண்டுபோனது. நீல வானத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. தலையிலிருந்து இடுப்புவரை உறைபனி. கடைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றால் அந்தப் படம் அவருக்கு நன்றாகத் தெரியும். தேநீரை வாங்கிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்து நின்று பார்ப்பார். "சாவறதுக்குள்ள அந்த ஐஸ் மலைய நேர்ல பாத்துறணும் பாஞ்சால" என்று சொல்லிச் சொல்லி அவள் காது புளித்துவிட்டது. எண்பத்தி நாலில் அதற்கு வழி பிறந்தது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற நீலாவதி மிஸ்ஸி, காசிக்கும் முக்திநாத்துக்கும் ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டிருந்தார். முக்திநாத்தில் நூற்றெட்டு நீர்த்தாரைகள் கொட்டுகின்றன, அத்தனைக்கும் அடியில் தலையை நனைத்தால் நல்லது என்று பாஞ்சாலையிடம் மிஸ்ஸி சொன்னார். அவளுக்குத் தண்ணீர், அவருக்கு மலை. மகளும் கல்யாணமாகி ஈப்போவில் குடியேறிவிட்டாள். கிளம்பிவிட்டார்கள்.

காட்மாண்டுவில் ஒரு டாக்டரிடம் கேட்டு மிஸ்ஸி எல்லோருக்கும் மாத்திரை வாங்கி வைத்திருந்தார். உயரத்துக்குப் போனால் காற்று மெலிந்துவிடும், தலை வலிக்கும், வாந்தி வரும், முற்றினால் மூளையே வீங்கிவிடும். இந்த மாத்திரை உடம்பைப் பழக்கும் என்று விளக்கினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தங்கையா கையை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"முழுங்குங்கண்ணே" என்றார் மிஸ்ஸி.

"மிஸ்ஸி, நான் அஞ்சாயிரம் அடியில பொறந்தவன். இதெல்லாம் ஈப்போக்காரங்களுக்குக் குடுங்க."

"அங்க பன்னெண்டாயிரம் அடிண்ணே."

"மலைன்னா மலைதான்லா" என்று முடித்துவிட்டார்.

ஜோம்சோம் என்கிற ஊரில் ஒரு சின்ன விமானம் அவர்களை இறக்கிவிட்டது. மற்றவர்கள் மட்டக்குதிரை ஏறினார்கள். பாஞ்சாலையும் பயந்து பயந்து ஏறினாள். தங்கையா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிரைகளுக்கு முன்னால் நடந்தார். வழியெல்லாம் மொட்டை மலைகள். புல்லும் பூண்டும் கிடையாது. மேகம் வேறு மூடியிருந்ததால் உறைபனி மலை கண்ணில் படவில்லை. "வரட்டும், வராம எங்க போயிரும்" என்று சொல்லிக்கொண்டே விசிலடித்தபடி ஏறினார். குதிரைக்காரனே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

கோயிலுக்குக் கீழே இருந்த சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விசில் நின்றிருந்தது. மாலையில் தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடிக்கத் தொடங்கினார்கள். குடித்த தேநீர் வெளியே வந்தது. (அது வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர். தேயிலைத் தோட்டத்துக்காரனுக்கு அதைக் கொடுத்தால் நல்ல உடம்போடு இருந்தாலும் வாந்திதான் வரும் என்று பின்னாளில் சாதித்தார்.) கண்ணைத் திறந்தால் அறை சுற்றியது. பாஞ்சாலை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மலையில ஊறுன ஒடம்பு..." என்று ஆரம்பித்தாள். பாவம் என்று பாதியில் நிறுத்திவிட்டாள்.

மிஸ்ஸி ஓடிவந்து மாத்திரை கொடுத்தார். "நாளைக்கும் இப்பிடியே இருந்தா கீழ எறக்கிருவேன்" என்று கண்டிப்பாகச் சொன்னார். மறுநாள் பூராவும் படுக்கை. தலைவலி மெல்ல விட்டது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. அதெல்லாம் மாத்திரையின் குணம்தான் என்றார் மிஸ்ஸி. தங்கையாவுக்கு இப்போது அந்த மாத்திரைமேல் அப்படி ஒரு பக்தி வந்துவிட்டது. ஒன்றே இவ்வளவு கேட்கிறதே என்று, சட்டைப் பையில் பதுக்கியிருந்தவற்றையும் யாருக்கும் தெரியாமல் எடுத்து எடுத்து விழுங்கினார். மட்டுமீறிய ஆள் எதிலும் அப்படித்தான்.

அதற்கடுத்த காலை எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். தங்கையாவும் எழுந்துவிட்டார். தலைவலி சுத்தமாக இல்லை. வெளியே வந்து கதவருகில் நின்று பார்த்தார். நல்ல மூடுபனி. எதிரில் இருந்த வீடுகள் வெள்ளைத் திட்டுகளாகக் கரைந்து கிடந்தன. அப்பால் ஒன்றுமே இல்லை. அவருக்கு ஏமாற்றம்தான், ஆனால் மூடுபனியைக் கண்டு கலங்குகிற ஆளா அவர்? வெயில் ஏறினால் கலைந்துவிடும், நம்ம ஊரில் பார்க்காததா என்று கூட்டத்தோடு மெல்ல ஏறிப் போய்க் கோயில் மதிலோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். பாஞ்சாலை நீராடப் போனாள்.

கூட்டத்தார் ஒவ்வொருவராக வந்து நின்று, "ஐயோ கடவுளே!" என்றும் "என்னா அழகு!" என்றும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். கோயிலைப் பார்த்துத்தான் இப்படி உருகுகிறார்கள் என்று தங்கையா நினைத்துக்கொண்டார். நேரம் போனது. பனி கலையவில்லை. எங்கள் ஊர்ப் பனிக்கு மானம் ரோசம் உண்டு, பத்து மணிக்காவது எழுந்துபோகும், இது என்ன நாதியற்ற பனி என்று மனசுக்குள் திட்டினார்.

நீராடிவிட்டு வந்த பாஞ்சாலை நடுங்கிக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எதிரே பார்த்தவள் தலையைத் துவட்டுவதையே மறந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, நீங்க கேட்ட மலை இதானா?"

"எது?"

"எதுவா? கண்ணு முன்னால நிக்குது. வானத்துல பாதிய அடச்சுக்கிட்டு நிக்குது."

"வெளையாடாத புள்ள. ஒரே பனி மூடிக் கெடக்கு."

"எங்கங்க பனி? வெயிலு பொளக்குது."

அவள் கையை நீட்டி மலையைக் காட்டினாள். அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். நீட்டிய கையின் நிழல் பக்கத்து மதில்மேல் விழுந்திருந்தது. ஐந்து விரலும் கத்தரித்து ஒட்டியதுபோல் கறுப்பாக, விளிம்பு மங்காமல் விழுந்திருந்தது. மூடுபனியில் நிழல் விழாது. இது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் தங்கையாவுக்குத் தெரியும். ஆயுசு முழுக்க மூடுபனிக்குள் லாரி ஓட்டியவர். நிழல் இருக்கிறதென்றால் பனி இல்லை. ஊருக்கெல்லாம் வெயில் அடிக்கிறது. மூடியிருப்பது தன் கண்.

முதலில் நினைவுக்கு வந்தது தாப்பா சாலைதான். அந்த வளைவுகள் ஒவ்வொன்றும் வந்து போயின. போச்சு, எல்லாம் போச்சு, இனிமேல் நான் எதற்கு ஆவேன் என்று உள்ளே ஒரு ஓலம் எழுந்தது. சத்தம் போட்டு அழாதது ஒன்றுதான் பாக்கி.

பயத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்து முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். அதுவாவது தெரிகிறதா என்று பார்க்க. தெரிந்தது. ஐயோ, எப்படித் தெரிந்தது!

எத்தனையோ வருஷமாகக் கிட்டத்தில் கலங்கிக் கிடந்த உலகம் அந்தக் கையில் துல்லியமாக வந்து நின்றது. கட்டைவிரல் நகம் தடித்து, ஓரம் வெடித்து, வெடிப்புக்குள் கறுப்பாகச் சாறு உறைந்திருந்தது. ஆள்காட்டி விரலின் உட்புறத்தில் கொழுந்துக் காம்பு உரசி உரசி ஒரு பள்ளமே விழுந்திருந்தது. உள்ளங்கை ரேகைகள் எல்லாவற்றிலும் மைக்கோடு போட்டாற்போல் கறை. மணிக்கட்டில் செடி கீறிய பழைய தழும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. நீராடிய தண்ணீர் ஒரு ரேகைக்குள் தங்கி மினுங்கியது. அந்தத் துளிக்குள் வெயில் இருந்தது. மயிர்க்கால்கள் குளிரில் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து நின்றதைக்கூட அவரால் எண்ணியிருக்க முடியும். எத்தனை ஆயிரம் பெட்டித் தேயிலையை என் லாரியில் ஏற்றினேன், அதை ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளிய கை என் பக்கத்திலேயே சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்து, அந்தக் கையை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பயம் ஒரு பக்கம் இருக்க, அந்தப் பயத்துக்குள்ளேயே இப்படி ஒரு பிரமிப்பு வருமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. காலண்டரில் மலையைப் பார்த்தபோதுகூட இப்படி உடம்பு சிலிர்க்கவில்லை.

"என்னாங்க... ஆளுங்க பாக்கறாங்க" என்று அவள் கையை இழுத்தாள். அவர் விடவில்லை.

"பாஞ்சால, எனக்குத் தூரத்துல ஒண்ணும் தெரியல" என்றார்.

மிஸ்ஸிக்கு ஆள் போனது. அவர் வந்தவுடன் முகம் மாறியதைப் பாஞ்சாலை கவனித்தாள். இவ்வளவு உயரத்தில் சிலருக்குக் கண்ணுக்கு உள்ளே, பின்சுவரில், ரத்தம் கசியும் என்று மிஸ்ஸி படித்திருந்தார். நல்லவேளையாக அதே சத்திரத்தில் மலையேறும் கூட்டத்தோடு வந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தங்கியிருந்தார். தங்கையாவை ஒரு இருட்டறைக்குள் உட்கார வைத்து, சின்ன விளக்குக் கருவியால் இரண்டு கண்ணுக்குள்ளும் நெடுநேரம் பார்த்தார். இமையை மூடச் சொல்லி விரலால் மெல்ல அழுத்தினார். வலிக்கிறதா, சிவந்ததா என்று கேட்டார். பிறகு, எத்தனை மாத்திரை விழுங்கினீர்கள் என்றார். தங்கையா தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். மிஸ்ஸி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது மட்டும் தெளிவாகத் தெரியாமல் போனது அவர் செய்த புண்ணியம்.

டாக்டர் சொன்னதை மிஸ்ஸி தமிழில் சொன்னார். "ரத்தம் கசியலண்ணே. மலை செஞ்சது இல்ல இது, மாத்திர செஞ்சது. ரொம்ப அபூர்வமா சிலருக்கு இப்பிடி ஆவும். கண்ணுக்குள்ள ஒரு சதை வீங்கி, உள்ள இருக்கற வில்லைய முன்னால தள்ளிருக்கு. அதான் தூரம் மங்கிப் போச்சு, கிட்டம் தெளிஞ்சு போச்சு. மாத்திரைய நிறுத்துனா தானா சரியாயிரும்னு சொல்றாரு."

"நிச்சயமாவா?"

மிஸ்ஸி டாக்டரைக் கேட்டார். டாக்டர் தோளைக் குலுக்கி, பெரும்பாலும் என்றார். கண்ணில் வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாத்திரை இல்லாமல் இந்த உயரத்தில் தங்கினால் பழைய தலைவலி திரும்பலாம். ஆகவே இப்போதே கீழே இறங்க வேண்டும். அந்தப் 'பெரும்பாலும்' தங்கையாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டது.

இரண்டு நாளுக்கு முன்னால் குதிரைகளுக்கு முன்னால் விசிலடித்துக்கொண்டு ஏறியவர் அதே வழியில் குதிரைமேல் குனிந்து உட்கார்ந்து இறங்கினார். குதிரை நடக்க முடியாத இடங்களில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. பாஞ்சாலை அவர் முன்னால் நடந்தாள். முந்தானை நுனியை அவர் கையில் கொடுத்திருந்தாள்.

"உள்ள வாங்க. கல்லு இருக்கு. இன்னும் உள்ள. எடது கைப் பக்கம் பள்ளம்."

அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காளிமுத்து சொல்வது அச்சாக அப்படியே வந்தது. தங்கையா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடுவில் ஒருமுறை, "நல்ல கெலிண்டான்தான்" என்றார். "பேசாம வாங்க, காலப் பாத்து" என்றாள் அவள்.

ஜோம்சோமில் காற்றும் மேகமுமாக இருந்ததால் விமானம் வரவில்லை. காத்துக் கிடந்தார்கள். அந்த நாட்கள் தங்கையாவுக்கு நரகம். காலையில் கண் விழித்ததும் எதிர்ச்சுவரைப் பார்ப்பார், மங்கல். வெளியே வந்து கொடிமரத்தைப் பார்ப்பார், மங்கல். பிறகு வந்து பாஞ்சாலையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் கூச்சப்பட்டவள் பிறகு விட்டுவிட்டாள். கண் போன ஆளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. இந்தத் தழும்பு எப்போது, இந்த விரல் ஏன் கோணல் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கோணல் விரல் அட்டைக் கடியைச் சொறிந்து புண்ணாக்கி, கட்டுப் போட்டுக்கொண்டே கொழுந்து எடுத்ததால் வந்தது. மகள் வயிற்றில் இருந்த வருஷம் அது. "அப்ப எங்கிட்ட சொல்லலையே?" என்றார். "கட்டுப் போட்டிருந்தேன்ல, தெரியாமயா இருந்துச்சு?" என்றாள். அந்த வருஷம் அவருக்கு எல்லாமே நன்றாகத் தெரிந்த வருஷம்.

விமானம் வந்த காலை, அதன் வாலில் எழுதியிருந்த எழுத்து அவருக்குத் தெரிந்தது. முழுசாக இல்லை, எழுத்து இருக்கிறது என்பதாவது தெரிந்தது. சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டார். போக்கராவில் இறங்கி, அடுத்த நாள் விடியலில் சத்திரத்து மாடிக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டே வந்து, கைப்பிடிச் சுவரைத் தொட்டபின் திறந்தார்.

மலை நின்றது. காலண்டர் மலையெல்லாம் இதற்கு முன்னால் பொம்மை. வானத்துக்கும் பூமிக்கும் நடுவே வெள்ளையாக ஒன்று எழுந்து, உச்சியில் முதல் வெயில் பட்டுச் செம்பொன்னாக எரிந்தது. மடிப்புக்கு மடிப்பு, கீறலுக்குக் கீறல் தெரிந்தது. உச்சியிலிருந்து காற்று உறைபனியைப் புகையாக வாரிக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது. தங்கையா கைகூப்பிக்கொண்டு குழந்தைமாதிரி விம்மி விம்மி அழுதார். கண் வந்துவிட்டது. லாரி வந்துவிட்டது. தாப்பா சாலை வளைவு வளைவாகத் திரும்பி வந்துவிட்டது.

"பாஞ்சால! பாஞ்சால! இங்க வா!"

அவள் ஓடி வந்தாள். சந்தோஷத்தில் அவள் கையைப் பற்றி மலையைக் காட்டப் போனவர், பழக்கத்தில் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். ரேகை இல்லை. வெடிப்பு இல்லை. தழும்புகள் இல்லை. பழுப்பாக ஒரு கலங்கல், அவ்வளவுதான். தூரத்து மலை திரும்பி வந்த வழியிலேயே பக்கத்துக் கை போய்விட்டிருந்தது.

"ஏங்க, என்னா? மறுபடியும் தெரியலையா?" என்று அவள் பதறினாள்.

"தெரியுது. மலை நல்லாத் தெரியுது" என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் மலையைப் பற்றிக் கேட்க லயமே கூடியது. தங்கையா அளந்தார், நன்றாகவே அளந்தார். காளிமுத்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். மாத்திரைக் கதையையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கையைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. லாரி பழையபடி ஓடியது. ஆனால் பாஞ்சாலை சோறு போடும்போது அவர் தட்டைப் பார்க்காமல் அவள் கையைப் பார்ப்பதும், தலையைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்ப்பதும், பிறகு பெருமூச்சு விடுவதும் நடந்துகொண்டிருந்தது.

மகளைப் பார்க்க ஈப்போவுக்குப் போன ஒருநாள், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் விறுவிறுவென்று நுழைந்துவிட்டார். பின்னால் வந்த பாஞ்சாலை திகைத்துப்போய் நின்றாள்.

"லாரிய விட்டு எறக்கிருவாங்கன்னு சொல்லுவீங்களே?"

"எறக்குனா எறக்கட்டும்" என்றார்.

யாரும் இறக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். வேலை ஓயும்வரை கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரி ஓட்டினார். துரை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது அவருக்குத் தெரியாது. லாரி போனாலும் போகட்டும் என்றுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கடைக்காரர் வயதான சீனர். சோதனை பார்க்கும் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒரு தமிழ்ப் பேப்பரைக் கையில் கொடுத்து, எழுத்து தெரிகிறதா என்று மலாயில் கேட்டார். தங்கையா பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டார்.

"பாஞ்சால, இங்க வந்து ஒக்காரு. கைய வையி."

"கடையில என்னாங்க இது?" அவள் கை முந்தானைக்குள் போனது.

"வையி புள்ள."

அவள் கடைக்காரரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு கணவர் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்து மேசைமேல் மல்லாக்க வைத்தாள். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார். தங்கையா இல்லை, இல்லை என்று தலையசைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வில்லையில் சட்டென்று நின்றார். கட்டைவிரல் வெடிப்பு வந்தது. ரேகைகளில் மைக்கோடு வந்தது. கோணல் விரல் வந்தது.

"இதான்" என்றார். "இதையே போட்டுருங்க."

கடைக்காரர் அளவைக் குறித்துக்கொள்ள உள்ளே போனார். சோதனை முடிந்துவிட்டது. பாஞ்சாலை கையை எடுக்கவில்லை.